கதை நன்றாக இருந்தால் போதாதா? டிவி தொடரில் யார் வருகிறார்கள் என்பதில் அப்படி என்ன இருக்கிறது?

வைகைக்கரையான் கேட்டது:

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு வாரமாக ஓடுகிற சண்டையை இங்கே கொண்டு வருகிறேன். தங்கை விஸ்காம் படிக்கிறாள். செமினாருக்கு அவள் எடுத்திருக்கும் தலைப்பு, டிவி தொடர்களில் பன்முகத்தன்மையும் பிரதிநிதித்துவமும். அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார முடியவில்லை. "இந்த சீரியலில் வேலைக்கார அம்மாவுக்கு ஒரு வீடாவது காட்டியிருக்கிறார்களா, பார்." "இத்தனை பேர் இருக்கிற குடும்பத்தில் ஒருத்தராவது நம் அப்பத்தா நிறத்தில் இருக்கிறார்களா, பார்." அப்பா பேசாமல் சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுவார்.

என் கட்சி இதுதான். கதை நன்றாக இருந்தால் யாருடைய கதையாக இருந்தாலும் மனசு ஒட்டும். மெட்டி ஒலி ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவின் கதை. எங்கள் வீட்டில் பெண் ஒன்றே ஒன்றுதான். ஆனாலும் அம்மா அந்தத் தொடர் முடிகிறவரை அழுதாள். அப்புறம் எதற்கு நம்மைப் போலவே ஒருவர் திரையில் வர வேண்டும்?

இன்னொன்று. தி ஃபேமிலி மேன் என்ற ஹிந்தி வெப் தொடரின் இரண்டாவது சீசன் 2021-ல் வந்தபோது, தமிழர்களைச் சேர்த்ததற்கே பெரிய ரகளை ஆனது. சேர்க்காவிட்டால் ஏன் சேர்க்கவில்லை என்கிறார்கள், சேர்த்தால் ஏன் இப்படிச் சேர்த்தாய் என்கிறார்கள். எடுக்கிறவன் என்னதான் செய்வான்? கணக்குக் காட்டுவதற்காக ஒரு முஸ்லிம் நண்பன், ஒரு சக்கர நாற்காலி என்று ஒப்புக்குச் சப்பாணியாக நாலு பேரை நிறுத்தினால் சரியாகிவிடுமா?

கிண்டலுக்குக் கேட்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தயவுசெய்து பாடம் மட்டும் எடுக்காதீர்கள், அதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

ரிமோட் என் கையில்:

தம்பி, நீங்கள் சொல்வதுதான் சரி. பகல் முழுக்க அடுப்படி, துணி, பிள்ளைகளின் ஹோம்வொர்க். ஏழரைக்கு மேல்தான் உட்காருகிறேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தூங்கி எழுகிற மருமகளைப் பார்க்கத்தான் உட்காருகிறேன். என் வீட்டையே மறுபடியும் டிவியில் பார்ப்பதற்கு எதற்கு மாசாமாசம் கேபிளுக்குக் காசு?

வசனம் எழுதியவன்:

நான் சென்னையில் சில வருஷம் சீரியலுக்கு வசனம் எழுதிப் பிழைத்தவன். இப்போது வேறு வேலை. அதனால் உள்ளே பார்த்ததைச் சொல்கிறேன், பாடம் இல்லை.

கருப்பாகப் பிறந்த ஒரே காரணத்துக்காகப் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் வசை வாங்குகிற ஒரு பெண்ணின் கதையில் வேலை செய்தேன். சேனல் பெயரும் சீரியல் பெயரும் வேண்டாம். நாயகி வெளிமாநிலத்துப் பெண், நல்ல சிவப்பு. உழைப்பாளி, அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வளசரவாக்கத்தில் ஒரு பங்களாவில் ஷூட்டிங். காலையில் போனால் மேக்கப் அறையில் அவருக்கு முகம், கழுத்து, காது மடல், முழங்கை, பாதம் என்று ஒவ்வொரு இடமாக இரண்டு மூன்று ஷேடு இறக்கிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து நாற்காலியில் தோழி கேரக்டர் செய்கிற பெண். அவர் நிஜமாகவே அந்த நிறம். அவருக்கு இரண்டு ஷேடு ஏற்றுவார்கள். ஏனென்றால் கதைப்படி ஊரிலேயே கருப்பு நாயகிதான், தோழி அவரைவிடக் கருப்பாகத் தெரிந்தால் கதை குழம்பிவிடும் என்று சேனலின் எக்ஸிக்யூட்டிவ் புரொட்யூசர் சொல்லிவிட்டார். ஒரே கண்ணாடி, ஒரே மேக்கப்மேன். இந்தப் பக்கம் கருப்பாக்கிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி வெளுப்பாக்குவார். ஸ்பாஞ்ச் மாறிப்போனால் உதவியாளருக்குத் திட்டு விழும்.

மதியத்துக்கு மேல் வியர்க்க ஆரம்பித்தால் இன்னும் வேடிக்கை. முந்தானை ஓரமெல்லாம் பழுப்புக் கறை. கன்டின்யுட்டி பார்க்கிற உதவி இயக்குநர் ஓடி வந்து, போன ஷாட்டில் மணிக்கட்டு கருப்பாக இருந்தது, இதில் வெளுத்திருக்கிறது என்பார். உடனே டச்சப். அழுகை சீனில் கண்ணீர் கன்னத்தில் கோடு போட்டுவிடும் என்பதால், கேமரா பார்க்கிற பக்கத்துக் கண்ணில் மட்டும் அழுங்கள் என்று இயக்குநர் கெஞ்சுவார்.

அந்தத் தோழிப் பெண் முதலில் நாயகி வேஷத்துக்குத்தான் ஆடிஷன் கொடுத்தார். நன்றாகவே செய்தார். "ஆடியன்ஸ் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்" என்று ஒரே வரியில் முடிந்தது. ஏற்றுக்கொள்வார்களா மாட்டார்களா என்று தெரிய ஒருமுறையாவது காட்டியிருக்க வேண்டுமே? எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வியாழக்கிழமை ரேட்டிங் வரும். காட்டாத முகத்துக்கு ரேட்டிங் எப்படி வரும்? ஆக, காட்டாததால் ஆதாரம் இல்லை, ஆதாரம் இல்லாததால் காட்டுவதில்லை. இப்படியே வண்டி ஓடுகிறது.

லைட்டிங்கும் ஒரு காரணம். ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு எடுத்தாக வேண்டும். இரண்டு மூன்று கேமராவை வைத்து ஹால் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் அடித்துவிடுவார்கள். அந்த வெளிச்சம் சிவந்த தோலுக்குக் கணக்குப் போட்டது. கருப்பான ஆள் வந்தால் தனியாக ஒரு விளக்கு வேண்டும், அதற்கு யாருக்கும் பொறுமை கிடையாது. இது நம் ஊரில் பிறந்த பழக்கம்கூட இல்லை. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் கலர் சரிபார்க்க லேபுகளுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். ஷெர்லி அட்டை என்று பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் கலர் சரி என்று அர்த்தம். மற்ற தோல் எப்படி வருகிறது என்று வெகு காலம் யாரும் பார்க்கவில்லை.

கருப்பு நாயகிக்காக வீடு முழுக்க உச்சுக்கொட்டிக்கொண்டிருக்கும்போது விளம்பர இடைவேளை வரும். அதில் ஃபேர்னஸ் க்ரீம். கருப்பாக இருப்பவர்களைச் சோகமானவர்களாக, லாயக்கற்றவர்களாகக் காட்டக்கூடாது என்று 2014-ல் விளம்பரத் தர கவுன்சில் நெறிமுறை கொண்டுவந்தது. 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி பெயரையே க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றினார்கள். டியூப் அதே டியூப்தான்.

உங்கள் தங்கை கேட்ட கேள்விக்கு வருகிறேன். வேலைக்கார அம்மாவுக்கு ஏன் வீடு இல்லை? பதில்: லொகேஷன் வாடகை. ஒரு பங்களா எடுத்தால் ஹால், மாடிப்படி, சமையல்கட்டு, பூஜையறை என்று எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். அந்த அம்மாவுக்கு ஒரு வீடு வேண்டுமானால் யூனிட்டையே இன்னோர் இடத்துக்குக் கிளப்ப வேண்டும். அவருக்கு யார் அவ்வளவு செலவு செய்வார்கள்? அதனால் காபியோடு வருவார், ஒட்டுக்கேட்பார், போவார். வருஷக்கணக்கில் ஓடும் தொடரில் அவருக்குப் பிள்ளை உண்டா இல்லையா என்றுகூடத் தெரியாது.

ஒரு நாள் நடந்தது. கதை டிஸ்கஷனிலிருந்து வந்த சீன் பேப்பரில், 'முதலாளியம்மா தன் பழைய புடவையைத் தருகிறாள், வேலைக்காரி கண்கலங்கிக் கும்பிடுகிறாள்' என்று இருந்தது. அந்த வேஷம் செய்த அம்மா நிஜமாகவே சாலிகிராமத்தில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு, துணை நடிகையாகவும் வருபவர். பேப்பரை வாசித்துக் காட்டினேன். "தம்பி, பழைய புடவைக்கெல்லாம் யாரும் அழ மாட்டோம். வாங்கி வெச்சிக்கிட்டு, போன மாசம் லீவுக்குப் பிடிச்ச காசு எங்கன்னு கேப்போம்" என்றார். இயக்குநரிடம் சொன்னேன். அவர் நல்ல மூடில் இருந்தார். அந்த அம்மா கேமரா முன்னால் புடவையை வாங்கி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "புடவை இருக்கட்டும்மா, நாலு நாள் சம்பளம் பிடிச்சீங்களே, அதைக் குடுங்க" என்றார். லைட்பாய் வரைக்கும் சிரித்தார்கள். அந்த சீன் அப்படியே ஒளிபரப்பானது. அடுத்த வாரம் அவரை இன்னும் கொஞ்சம் பேச விடுங்கள் என்று சேனலிலிருந்தே சொல்லி அனுப்பினார்கள்.

கதை நன்றாக இருந்தால் போதும் என்கிறீர்களே, நானும் அதைத்தான் சொல்கிறேன். அந்த அம்மா இல்லாவிட்டால் அந்தக் கதை அந்த இடத்தில் நன்றாக இருந்திருக்காது. ஏசி அறையில் உட்கார்ந்து கதை பேசிய எங்களில் ஒருத்தர்கூட அடுத்த வீட்டில் பாத்திரம் தேய்த்ததில்லை. நானும், என்னோடு இருந்த நாலு பேரும், கிட்டத்தட்ட ஒரே மாதிரி வீட்டிலிருந்து வந்தவர்கள். பார்த்ததைத்தான் எழுதுவோம், பாதி நேரம் வேறு சீரியலில் பார்த்ததை எழுதுவோம்.

ஸ்காபரோ வாசி:

தம்பி, ஃபேமிலி மேன் பற்றிக் கேட்டதுக்கு நான் சொல்லுறன். கனடா வந்து கனகாலம். ஊர் யாழ்ப்பாணத்து வடமராட்சி.

முதலில் நல்லதைச் சொல்லிப்போடுவம். அந்தத் தொடரில் தமிழ் ஆக்கள் தமிழில்தான் கதைக்கினம். ஹிந்தியைத் தமிழ் மாதிரி இழுத்துப் பேசுகிற பழைய கூத்து இல்லை. அழகம்பெருமாள், மைம் கோபி, தேவதர்ஷினி, ரவீந்திரா விஜய் என்று தமிழ் நடிகர்கள் கனபேர். சென்னையைச் சென்னை மாதிரி காட்டியிருந்தார்கள். ஒரு ஹிந்தித் தொடரில் இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

பிறகு ஏன் கோபம் வந்தது? இலங்கையில் போர் 2009-இல் முடிந்தது. அதுக்குப் பிறகு இந்தியா முழுக்கப் பார்க்கிற ஒரு பெரிய தொடரில் ஈழத்துப் பெண் என்று ஒருத்தி வாறாள். அவள் குண்டு வைக்கத்தான் வாறாள். மே மாதம் டிரெய்லர் வந்ததும் வைகோ, சீமான் எதிர்த்தார்கள், தமிழ்நாட்டு அரசு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. ஜூன் 4 தொடர் வெளியானது. நானும் இருந்து பார்த்தன். அந்தப் பெண்ணாக சமந்தா நல்லாத்தான் நடிச்சிருக்கிறா. அவவின்ர முகத்துக்கு மை பூசினது மாதிரி ஒரு நிறம். மேலே வசனம் எழுதியவர் சொன்ன மேக்கப் அறையை வாசிக்க எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பேச்சும் எங்கட பேச்சு இல்லை. யாழ்ப்பாணமா, மட்டக்களப்பா, வன்னியா என்று ஒருத்தரும் கேட்டுப் பார்க்கவில்லைப் போல.

ஹிந்தித் தொடரில் ஹிந்தி பேசுகிற கொலைகாரன் எத்தனை ஆயிரம் பேர் வந்திருப்பான்? டெல்லிக்காரர் ஒருத்தரும் கொடி பிடிக்கிறதில்லை. ஏனென்றால் அவருக்கு ஹிந்தி பேசுகிற டாக்டரும், காதலனும், கள்ளனும், கோமாளியும் ஆயிரக்கணக்கில் இருக்கினம். எங்களுக்கு வந்தது ஒருத்தி. அவள் தலையில்தான் முழு இனமும் ஏறி இருக்க வேண்டியிருக்கு. பத்துப் பேர் வந்திருந்தால் அதில் ஒருத்தி குண்டு வைத்திருந்தாலும் நான் விசிலடித்துப் பார்த்திருப்பன். ஆகவே எடுக்கிறவர் என்ன செய்யலாம் என்றால், இன்னும் ஒன்பது பேரைக் காட்டலாம்.

எங்கட வீட்டுக்காரர் வந்த புதிதில் இரவு வேலை, சின்னக் கடையில் காசாளர். குடித்துவிட்டு வருகிற பெடியங்கள் சாமான் வாங்கிக்கொண்டு போகும்போது "தேங்க் யூ, கம் அகெய்ன்" என்று அவரையே நக்கலடிப்பார்கள். தி சிம்ப்ஸன்ஸ் கார்ட்டூனில் வருகிற அப்பு என்ற கடைக்காரனின் வசனம் அது. அந்த இந்தியக் குரலைக் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா, வெள்ளைக்காரர். 1990-இலிருந்து அப்பு ஒருத்தன்தான் டிவியில் எங்களுக்கு. இவருக்கோ அந்தக் கார்ட்டூன் இருப்பதே தெரியாது, மரியாதையாகச் சொல்லுறாங்கள் என்று நினைத்துப் பதிலுக்கு "யூ டூ" என்பாராம். ஹரி கொண்டபோலு என்கிற நகைச்சுவைக் கலைஞர் இதைப் பற்றி 2017-இல் ஒரு ஆவணப்படம் எடுத்தார். அசாரியா 2020-இல் அந்தக் குரலை விட்டுவிட்டார்.

அதே 2020 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் நெவர் ஹாவ் ஐ எவர் என்ற தொடர் வந்தது. அதை உருவாக்கினவர்களில் ஒருத்தரான மிண்டி கேலிங் புதுமுகம் தேடி அழைப்பு விட, பதினைந்தாயிரம் பேர் போட்டியிட்டு, அதில் எடுபட்டது எங்கட பக்கத்து மிசிசாகாப் பிள்ளை, மைத்ரேயி ராமகிருஷ்ணன். ஈழத்துத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. தேவி என்கிற அந்தப் பாத்திரம் எனக்குப் பிடிச்சதுக்குக் காரணம், தேவி நல்ல பிள்ளை இல்லை. பொய் சொல்லுவாள், கோபத்தில் சாமானைத் தூக்கி எறிவாள், தாயோடு கத்துவாள், ஒரே நேரத்தில் இரண்டு பெடியனோடு திரிவாள். படிப்பில் மட்டும் கெட்டிக்காரி. இப்படியான ஒரு தமிழ்ப் பிள்ளை அதுவரைக்கும் அமெரிக்க டிவியில் இல்லை. என்ர மகள் சிரித்துச் சிரித்துப் பார்த்தாள். நான் இடையில் எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைத்தன், சில காட்சி தாயும் மகளும் சேர்ந்திருந்து பார்க்கேலாது.

குறையும் இருக்கு. நடிக்கிறது ஈழத்துப் பிள்ளை, பாத்திரமோ இந்தியத் தமிழ்ப் பிள்ளை. அகதியாக வந்த வீட்டுக் கதை அதில் இல்லை. அது வேற ஆராவது எழுத வேணும்.

வைகைக்கரையான்:

எல்லோருக்கும் நன்றி. தங்கை பின்னாலிருந்து படித்துக்கொண்டு சிரிக்கிறாள், எரிச்சலாக இருக்கிறது.

அந்த ஒன்பது பேர் கணக்கு எனக்குப் புரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னமும் ஒன்று இடிக்கிறது. டிவியில் ஒன்றைக் காட்டினால் ஊர் மாறிவிடும் என்று எல்லோரும் நம்புவது கொஞ்சம் அதிகம் இல்லையா? இருபது வருஷமாக மாமியார் விஷம் வைக்கிற சீரியல் ஓடுகிறது, எந்த மாமியாரும் விஷம் வைக்கவில்லையே.

எக்கனாமிக்ஸ் வாத்தியார், திருச்சி:

மாமியார் விஷயத்தில் கடவுளுக்கு நன்றி. மற்றபடி, நீங்கள் கேட்டதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். நான் வகுப்பில் இதை நடத்துவதுண்டு. பின்வரிசை விழித்திருக்கிற ஒரே நாள் அதுதான்.

ராபர்ட் ஜென்சன், எமிலி ஓஸ்டர் என்று இரண்டு பொருளாதார அறிஞர்கள். 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு, பீகார், ஹரியானா, கோவா, டெல்லி ஆகிய இடங்களில் கிராமத்துக் குடும்பங்களைத் தொடர்ந்து பேட்டி எடுத்தார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கிராமமாகக் கேபிள் வந்துகொண்டிருந்தது. வந்த ஊரையும் வராத ஊரையும் ஒப்பிட்டார்கள். கேபிள் வந்த ஊரில், புருஷன் பெண்டாட்டியை அடிப்பது சரிதான் என்று சொல்கிற பெண்கள் குறைந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்கிற பிடிவாதமும் தளர்ந்தது. வெளியே போக வர, வீட்டுச் செலவில் வாய் திறக்க, பெண்ணுக்கு இருந்த சுதந்திரம் கூடியது. 2009-ல் கட்டுரையாக வந்தது. அந்த நேரத்து சீரியல்கள் ஒன்றும் புரட்சி பேசவில்லை. அழுகைதான். ஆனால் அதில் பெண் வேலைக்குப் போனாள், கைப்பையை மாட்டிக்கொண்டு தனியாக ஆட்டோ ஏறினாள். கதை என்ன சொன்னது என்பதைவிட, பின்னணியில் சாதாரணமாக எது நடந்தது என்பதுதான் ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தோன்றும். இது என் கருத்து, அவர்கள் சொன்னது இல்லை.

பிரேசிலில் இன்னும் தெளிவு. குளோபோ சேனலின் தொடர்களில் நாயகிக்குப் பெரும்பாலும் குழந்தையே இருக்காது, இருந்தால் ஒன்று. அதற்கு நடைமுறைக் காரணம் இருந்திருக்கும், குழந்தையை வைத்து ஷூட்டிங் நடத்துவது அவ்வளவு சுலபமா என்ன? குளோபோ ஒளிபரப்பு ஊர் ஊராகப் போய்ச் சேரச் சேர, அந்தந்த ஊரில் பிறப்பு விகிதம் கூடுதலாகக் குறைந்ததை லா ஃபெராரா என்ற பொருளாதார அறிஞரும் அவர் சகாக்களும் காட்டினார்கள். பிள்ளைகளுக்குத் தொடரில் வரும் பெயர்களையே வைத்தார்கள். மெட்டி ஒலி, கோலங்கள் காலத்தில் உங்கள் தெருவில் பிறந்த குழந்தைகளின் பெயர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

காட்டக்கூடாது என்றவர்களுக்கும் இது நன்றாகவே தெரியும். அமெரிக்காவில் செசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் நிகழ்ச்சி 1969 நவம்பரில் ஆரம்பித்தது. கை பொம்மைகள், எழுத்து, எண். அவ்வளவுதான். மறு வருஷமே மிசிசிப்பி மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி ஆணையம் அதை ஒளிபரப்ப மாட்டோம் என்று முடிவு செய்தது. கருப்பினப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே தெருவில் விளையாடுகிறார்கள் என்பதுதான் தகராறு. செய்தி வெளியே கசிந்து மானம் போனதும் சில வாரங்களில் முடிவை மாற்றிக்கொண்டார்கள். வெறும் டிவிதானே என்று அந்த ஆணையத்துக்காரர்கள் நினைக்கவில்லை, பாருங்கள்.

வசனம் எழுதியவன்:

வாத்தியார் சொன்ன கைப்பை சங்கதி நூறு சதவீதம். நாங்கள் மாய்ந்து மாய்ந்து எழுதுகிற வசனத்தை ஒருத்தரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, நாயகி போட்ட ஜாக்கெட் மாடலை மறுநாளே தையற்காரரிடம் காட்டுவார்கள்.

ஒப்புக்குச் சேர்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயம்தான். சீரியலில் முஸ்லிம் என்றால் 'பாய்', பிரியாணி டப்பாவோடு வருவார். கிறிஸ்தவர் என்றால் கழுத்தில் சிலுவை, வாயில் 'ஜீசஸ்'. சக்கர நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்தால், குடும்பத்துக்கு ஓர் அதிர்ச்சி வரும் நாளில் அவர் எழுந்து நடப்பார் என்று இப்போதே எழுதிக் கொடுக்கிறேன். இதையெல்லாம் கணக்கில் சேர்த்தால் கணக்கு சரியாகத்தான் வரும்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. திருநங்கைகளைக் கைதட்டிக் காசு கேட்கும் காமெடி சீனுக்கு மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், 2008-ல் விஜய் டிவி ரோஸ் வெங்கடேசன் என்ற திருநங்கையை வைத்து இப்படிக்கு ரோஸ் என்ற பேச்சு நிகழ்ச்சியை நடத்தியது. நம் வீட்டு ஹாலில் ஒரு திருநங்கை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, எதிரே இருப்பவரைக் கேள்வி கேட்டார். 2014 ஆகஸ்ட் 15 அன்று கோவையில் லோட்டஸ் நியூஸ் சேனலில் பத்மினி பிரகாஷ் என்ற திருநங்கை செய்தி வாசித்தார். அவரைப் பற்றிய செய்தி இல்லை, அன்றைய செய்தி. மைக் யார் கையில் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. ரோஸைப் பார்த்து ஆடியன்ஸ் டிவியை உடைத்துவிடவில்லை.

ரிமோட் என் கையில்:

சரி சரி, நான் சொன்னதை முழுசாக வாபஸ் வாங்க மாட்டேன், பட்டுப்புடவை எனக்கு வேண்டும். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அந்த நாலு நாள் சம்பள வசனம் எந்த சீரியலில் வந்தது? எங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்காவும் அதைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். போன தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தால், "இது இருக்கட்டும், அடுத்த வருஷம் காசா குடுத்துடுங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொடுத்துத் தொலைக்கிறேன் என்று வையுங்கள்.

வைகைக்கரையான்:

நானும் ஒன்று கேட்க வேண்டும். அந்தத் தோழி கேரக்டர் செய்த பெண் இப்போது என்ன செய்கிறார்? தங்கை செமினாரில் சேர்க்கப் போகிறாளாம், பெயர் சொல்லாமல்தான்.

வசனம் எழுதியவன்:

நடிப்பை விட்டுவிட்டு டப்பிங்குக்குப் போய்விட்டார். நல்ல கணீர்க் குரல். பெங்களூரிலிருந்து வருகிற நாயகிகளுக்குத் தமிழ் வாய்க்காதபோது இவரைக் கூப்பிடுகிறார்கள். இப்போது ஓடுகிற ஒரு பிரைம் டைம் தொடரில் நாயகியின் குரல் இவருடையதுதான். எபிசோடுக்கு இவ்வளவு என்று ரேட், பேமெண்ட் தாமதமில்லாமல் வருகிறதாம். நடித்தபோதுகூட இப்படி வரவில்லை என்றார்.

சீரியல் பெயர் மட்டும் கேட்காதீர்கள், ரிமோட் அக்கா. அங்கே எனக்கு இன்னும் இரண்டு மாசப் பாக்கி வர வேண்டியிருக்கிறது.